உப்புப் போட்ட ஐஸ்

என் வீட்டுக்காரரின் வலது கால் பெருவிரலில் இருந்து வந்த நாற்றம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக மீன் விற்கிறவள் நான். கண் உள்ளே போன மீன், புழு வைத்த கருவாடு, பெட்டிக்கு அடியில் தேங்கிக் கிடக்கும் சிவப்புத் தண்ணீர், எதையும் கை கூசாமல் அள்ளிப் போடுவேன். அந்த ஒரு விரலுக்குக் கட்டு மாற்றும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்குவேன். அவர் அதைக் கவனித்துவிடுவார். கவனித்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள், ஒரு நாள் மத்தியானம் எங்கள் தீவுக்கு வந்து என் வீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும். சிமென்ட் அட்டைக் கூரை. அதற்குக் கீழே சுற்றும் ஃபேன், மேலே இருக்கிற அனலை அள்ளிக் கீழே கொட்டும். வேர்வை காயவே காயாது, உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். மூன்றாவது வீட்டில் காயப்போட்ட கருவாட்டுக்கு வந்த ஈக்கள், கருவாட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கட்டிலைத் தேடி வந்தன. அவர் ஒரு துண்டை வைத்து ஓட்டிக்கொண்டே இருப்பார். கை ஓய்ந்ததும் அவை மறுபடி வந்து உட்காரும்.

அந்த விரல் காயுமா, போகுமா என்பதுதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. அவர் நாட்டுப்படகில் போகிறவர். அலை தூக்கிப் போடும் வள்ளத்தில் நின்று வலை இழுக்க வேண்டுமென்றால் பெருவிரலைப் பலகையில் ஊன்ற வேண்டும். மற்ற விரல்கள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பெருவிரல் இல்லாதவன் கரையில் உட்கார்ந்து வலைக்கு ஓட்டை அடைக்கலாம், மற்றவர்கள் கொண்டுவந்த மீனை எண்ணிக்கொடுக்கலாம். ஐம்பத்தாறு வயதில் அந்த உட்காருகிற உத்தியோகத்துக்கு அவர் தயாராக இல்லை. நானும் தயாராக இல்லை.

புண் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் சிலுவைப் பாதை கடற்கரை வழியாகப் போகும். கோயிலில் இருந்து சிலுவை நட்ட கடைசிக் குருசடி வரைக்கும் எல்லோரும் செருப்பில்லாமல் நடப்போம். அந்த வருஷம் மரச்சிலுவையைச் சுமக்கிற முறை எங்கள் தெருவுக்கு வந்தது, அவர் நானே தூக்குகிறேன் என்றார். மணல் அன்றைக்கு வறுகடலைச் சட்டி மாதிரி இருந்தது. இளவட்டங்கள் கூட ஒரு காலை வைத்து ஒரு காலைத் தூக்கி ஓடி ஓடி நிழலில் நின்றார்கள். இவர் மட்டும் நிதானமாக, ஒரு சுளிப்பு இல்லாமல் நடந்தார். "பக்தின்னா அது பக்தி, பாத்தியா?" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானும் குதிக்காமல் நடந்து பார்த்தேன், என்னால் பத்தடி முடியவில்லை.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தெரிந்தது. இரண்டு பாதமும் கொப்பளித்து, பெருவிரலுக்கு அடியில் தோல், சுட்ட மீனின் தோல் மாதிரி அப்படியே கழன்று தொங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "வலிக்கலையே" என்றார். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி அவருக்கு. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் கடலுக்குப் போய்விடுவார். காலில் உணர்ச்சி செத்துக்கொண்டே வந்ததை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்தி என்று நாங்கள் நினைத்தது அந்த மரத்துப்போன கால்தான்.

மஞ்சளை அரைத்துப் பூசினோம், தேங்காய் எண்ணெய் தடவினோம். இரண்டு வாரத்தில் மற்ற கொப்பளமெல்லாம் வாடியது, பெருவிரல் மட்டும் கறுத்தது. பிறகுதான் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இனிமேல் மாத்திரை போதாது, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். மூன்று வாரத்தில் சர்க்கரை இறங்கினால் புண் காய வழி உண்டு, இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், விட்டால் அது மேலே ஏறும். வெயில் காலத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றும் சொன்னார். உடம்பு வறண்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடிப்போகுமாம்.

கட்டுப் போட்ட சிஸ்டர் எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தது. நான்கு சின்னப் பாட்டில்களைக் கையில் கொடுத்துவிட்டு, மருந்தை எப்படி வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னது.

"சூடு பட்டா கெட்டுப்போகும்மா. ஃப்ரிட்ஜ் இருந்தா கதவுப் பக்கம் வைங்க. ஃப்ரீசர்ல மட்டும் வச்சிராதீங்க. ஃப்ரிட்ஜ் இல்லையா, ஒரு மண்பானையில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள டப்பாவில போட்டு மூடி, நெழல்ல வைங்க. அது போதும்."

நான் தலையை ஆட்டினேன். எங்கள் வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. உப்புக்காற்று அதன் முதுகைத் தின்றுவிட்டது. இப்போது அதற்குள் நைலான் கயிறும் பழைய துணியும் கிடக்கின்றன. ஃப்ரிட்ஜே இல்லாத வீட்டில் ஃப்ரீசர் எங்கிருந்து வரும்? அந்தப் புத்திமதி நமக்கில்லை என்று அங்கேயே தள்ளிவிட்டேன். மண்பானை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐஸோடு ஐஸாகப் புழங்குகிறவளிடம் வந்து மண்பானைத் தண்ணீரைச் சொல்கிறதே இந்தப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்காரிக்குத் தெரிந்த ஒரு வித்தை உண்டு. ஐஸை மட்டும் நொறுக்கிப் போட்டால் பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். அதோடு இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டுப் பிசிறிவிட்டால் குளிர் ஏறும். மீன் விறைத்துக் கட்டையாகி, சாயங்காலம் வரைக்கும் செவுள் சிவப்பு மாறாமல் இருக்கும். உப்புப் போட்ட ஐஸில் கையை வைத்தால் விரல் நுனி சுடுகிற மாதிரி வலிக்கும். அந்த வலியை வைத்தே பதம் பார்ப்போம். என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே நல்ல காரியம் அதுதான், மற்றதெல்லாம் வசவு.

வீட்டில் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டியைத் துடைத்து அவருக்கென்று ஒதுக்கினேன். தினமும் ஐஸ் கம்பெனியில் என் சரக்குக்கு வாங்கும்போது அதற்கும் சேர்த்து வாங்கி, நொறுக்கி, உப்புப் போட்டு, மருந்துப் பாட்டிலை இரண்டு பாலிதீன் பைக்குள் கட்டி நடுவில் புதைத்தேன். காலையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி இளக்கிப் போடுவேன். அது பால் நிறத்து மருந்து. இளகின பிறகு உள்ளே பொடிப்பொடியாக மிதக்கும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்காது. இதன் குணமே இதுதான் போலிருக்கிறது என்று இன்னும் நாலு உருட்டு உருட்டுவேன். ஒரு நாள் ஒரு பாட்டில் கீறல் விட்டுப் போயிருந்தது. பஸ்ஸில் எங்கேயோ இடிபட்டிருக்கும் என்று அதை மட்டும் தூக்கிப் போட்டேன். மற்றபடி என் பெட்டியைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட கர்வம். "எங்க வீட்டு மருந்து எந்த வெயிலுக்கும் கெடாது" என்று தெருக்குழாயடியில் நின்று சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரம் ரத்தம் பார்த்தோம். முந்நூற்று எண்பது. வெயில்தான் காரணம் என்று முடிவு செய்தேன். தண்ணீரும் அவர் ஒழுங்காகக் குடிப்பதில்லை. குடித்தால் ஒண்ணுக்கு வரும், வந்தால் நொண்டிக்கொண்டு கொல்லைக்குப் போக வேண்டும், அதனால் நாக்கு ஒட்டிக் கிடந்தாலும் கேட்கமாட்டார். நான் அதட்டி அதட்டிச் செம்பு செம்பாகக் குடிக்க வைத்தேன். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ, வெந்தயம், கடைசியில் ஒருத்தி கொண்டுவந்த ஏதோ ஒரு கறுப்புப் பொடி. எல்லாவற்றையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அந்தப் பொடியைக் குடித்த அன்றைக்கு வாந்தி எடுத்ததையும் நான்தான் அள்ளினேன்.

இரண்டாவது வாரம் நானூற்றுப் பத்து.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஊசி தவறாமல் போடுகிறேன். சோற்றைக் கையால் அளந்து வைக்கிறேன். தண்ணீர் குடிக்கிறார். பிறகு எப்படி ஏறும்? இந்த மனுஷன் எங்கேயோ, எதையோ, எனக்குத் தெரியாமல் தின்கிறான். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லாமலும் இல்லை. அதற்கு முந்தின வருஷம் டீக்கடைப் பின்பக்கம் நின்று பாதுஷா தின்றவரைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான். அதிலும் கத்திரி வெயில் வந்தால் எங்கள் ஊரில் நன்னாரி சர்பத் வண்டி தெருத்தெருவாக மணி அடித்துக்கொண்டு வரும். நான் மீன் கொண்டு பஸ் ஏறிவிட்டால் வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

அடுத்த ஒரு வாரம் நான் செய்ததை எல்லாம் எழுத எனக்கே கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். வியாபாரம் முடிந்து வந்ததும் கையைக் கழுவுவதற்கு முன்னால் அவர் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவுவேன். தலையணை உறையைப் புரட்டுவேன். "வாயத் திறங்க" என்று சொல்லி, முகத்துக்கு நேராகக் குனிந்து மோந்து பார்ப்பேன். காய்ந்த வாயின் நாற்றமும் காலின் நாற்றமும் என் மேலிருக்கும் மீன் வாடையும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வரும். கொல்லையில் அவர் ஒண்ணுக்குப் போன இடத்தில் குத்தவைத்து எறும்பு வந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். வந்திருந்தது. மொய்த்துக் கிடந்தது. ஆளைப் பிடித்துவிட்ட மாதிரி உள்ளே ஓடினேன்.

"என்னத்தக் குடிச்சீங்க இன்னைக்கு?"

"ஒண்ணும் குடிக்கல."

"எறும்பு பொய் சொல்லுமா?"

"ஏ புள்ள, கொல்லைக்குப் போனதத் தவிர நான் இந்தக் கட்டில விட்டு எறங்கலங்கிறேன். அந்தா, சுவத்துல இருக்க குருசு மேல சத்தியமாச் சொல்றேன்."

"குருசத் தொட்டு வேற பொய் சொல்லுதீங்களா? சீ! உங்க விரலப் பாத்தா எனக்கு அருவருப்பா இல்ல, உங்களப் பாத்தாத்தான் அருவருப்பா இருக்கு."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு முழுக்க வேர்க்குரு. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இன்னும் நான்கு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து ஈ ஓட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியூரில் எங்கள் மகளின் மகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து. பேத்தி வெள்ளைக் கவுன் போட்டு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று, காலைத் துணியில் சுற்றிக்கொண்டு அவரும் வந்தார். பந்தலுக்குள் நூறு பேர். இலையில் கேசரி வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். வைக்கிற பையன் கவனிக்காமல் ஒரு கரண்டி வைத்துவிட்டான். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா, "இருக்கட்டும் மதினி, ஒரு வாய்தான, இன்னைக்கு ஒரு நாளு" என்றது.

நான் அங்கேயே சும்மா இருந்திருக்கலாம். இலையை எட்டிப் பிடித்து அந்தக் கேசரியை வழித்து என் இலையில் போட்டேன். போட்டுவிட்டு ஊர் கேட்கச் சொன்னேன்.

"ஒரு வாயா? இந்த மனுசன் வீட்டுல களவாண்டு குடிக்கிறது உங்களுக்குத் தெரியாது. நான் அங்கன வெயில்ல மீனத் தூக்கிட்டு அலையிறேன், இவரு இங்கன சர்பத்துக் குடிச்சிக்கிட்டுக் கெடக்காரு. சத்தியம் வேற! உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆகணும்? விரலு போனா போகட்டும், அப்பயாச்சும் புத்தி வருதான்னு பாக்கேன்."

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் சட்டை செய்யவில்லை. அவர் இலையை மடித்தார். சோற்றில் கையே வைக்கவில்லை. நொண்டிக்கொண்டு போய்க் கையைக் கழுவினார், கழுவ ஒன்றும் இல்லாத கையை. பேத்தியின் தலையைத் தொட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். பஸ் வரும்வரைக்கும் அங்கேயே நின்றார்.

மூன்றாவது வாரம் ராமநாதபுரம் போனபோது டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே சேர்க்கச் சொன்னார். கறுப்பு விரலின் அடிவரைக்கும் ஏறியிருந்தது. மறுநாள் காலையில் விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். படுக்கை கிடைத்தது. நான் கீழே பாயை விரித்தேன். வார்டில் மேலே ஃபேன் சுற்றியது, மருந்து வாடையும் வேர்வை வாடையும் கலந்து வந்தன. எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. அவரைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்.

"இப்பயாச்சும் உண்மையச் சொல்லுங்க. நாளைக்கு விரலு போகப்போகுது. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

கூரையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"ஆமா. குடிச்சேன்."

"என்னது?"

"சர்பத்து. தெனமும் குடிச்சேன். ரெண்டு ரெண்டு கிளாசு. போதுமா? இனிமே கேக்காத."

எனக்குள் என்ன வந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம் வந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷம். விரல் போகப்போகிற துக்கத்துக்கு மேலே ஏறி அது உட்கார்ந்துகொண்டது. வராண்டாவுக்குப் போய் மாரியூருக்குப் போன் போட்டு, "ஒத்துக்கிட்டாரு மதினி, அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். திரும்பி வந்து அவர் கட்டிலுக்குக் கீழே படுத்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் விரலை எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள், முதல் தடவை ஊசி கற்றுக்கொடுத்த அதே சிஸ்டர் சர்க்கரை பார்த்துவிட்டு, இருநூற்றுக்குக் கீழே வந்துவிட்டது என்றது.

"எப்படி சிஸ்டர் ரெண்டே நாள்ல எறங்கும்? மூணு வாரமா நானும் இதே மருந்தத்தான போட்டேன்?"

"அதான் எனக்கும் தெரியல. ஏம்மா, வீட்டுல மருந்த எதுல வச்சிருந்தீங்க?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கீழே குனிந்து, பாய்க்குப் பக்கத்தில் இருந்த தெர்மாகோல் பெட்டியை எடுத்து, பெருமையாக மூடியைத் திறந்து காட்டினேன். ஆஸ்பத்திரிக்கும் மிச்ச மருந்தைக் கொண்டுவந்திருந்தேன். ஐஸ் இளகிக் கிடந்தது, ஆனாலும் குளிர் விடவில்லை. உப்புக் கணக்கையும் சொன்னேன். சிஸ்டர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தது. உள்ளே போய் வார்டு மருந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தது. இரண்டையும் உருட்டிப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தது. அவர்களுடையது நல்ல கறந்த பால் மாதிரி ஒரே சீராக இருந்தது. என்னுடையது திரிந்துபோன பால் மாதிரி, கண்ணாடி முழுக்கத் திப்பி திப்பியாக ஒட்டி வடிந்தது.

"இது உறைஞ்சு போச்சும்மா."

"கெடாம இருக்கத்தான சிஸ்டர் வச்சேன்? மீனே ஒரு நாள் பூரா கெடாம இருக்கே."

"மீனுக்கு அது சரி. இந்த மருந்து ஒரு தடவ உறைஞ்சாச்சுன்னா செத்துரும். பெறகு இளக்கி ஊசி போட்டாலும் பச்சத் தண்ணியப் போட்ட கணக்குத்தான். அதனாலதான் ஃப்ரீசர்ல வைக்க வேணாம்னு சொன்னது."

நான் வாதாடிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஃப்ரீசரே கிடையாது என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. சிஸ்டர் நல்ல பிள்ளை, என்னைத் திட்டவில்லை. காலில் ரத்த ஓட்டமே கம்மியாகத்தான் இருந்தது, மருந்து சரியாக இருந்தாலும் விரல் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றது. அது என்னைத் தேற்றச் சொன்னது. மூன்று வாரமும் என் கையால், தவறாமல், நேரம் பார்த்து, அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தண்ணீரை ஏற்றியிருக்கிறேன். குற்றவாளியைத் தேடிச் சட்டைப் பைக்குள் விட்டது, உப்பள்ளிப் போட்ட அதே கை. அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். அப்படியும் அருவருப்பு போகவில்லை. இத்தனை நாளாக நாற்றம் அவர் விரலில் இருந்து மட்டும்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் உடனே சொல்ல முடியவில்லை. ஒரு பகல் முழுக்க இழுத்தேன். கஞ்சி கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, ஐஸ், திரிந்துபோன பாட்டில், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ வேணும்னா செஞ்ச? விடு."

"அப்ப சர்பத்து?"

"எந்தச் சர்பத்து?"

"தெனமும் ரெண்டு கிளாசுன்னீங்களே."

"நான் எங்க குடிச்சேன்? கட்டில விட்டு எறங்கலைன்னு சொன்னேன்ல."

"பெறகு ஏங்க குடிச்சேன்னு சொன்னீங்க?"

"ஒரு வாரமா நீ பொட்டுத் தூக்கம் தூங்கல. ஒத்துக்கிட்டா ஒனக்கு ஆறிப்போகும், படுத்துத் தூங்குவேன்னு நெனச்சேன். தூங்கினியா இல்லையா?"

தூங்கினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே மாரியூருக்குப் போன் போட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, பந்தலில் நான் சொன்னது அத்தனையும் பொய் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சம்பந்தியம்மா சிரித்தது.

"விடுங்க மதினி. விரலு போயிருச்சேன்னு மனசு எரங்கி அவரக் காப்பாத்தப் பேசுறீங்க. சீக்காளிங்க எல்லாம் அப்படித்தான், நாக்க அடக்க முடியாது. அவருதான் அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரே!"

எத்தனை தடவை சொன்னாலும் அதற்குமேல் ஏறவில்லை. ஊருக்கு வந்து தெருக்குழாயடியில் சொல்லிப் பார்த்தேன், அங்கேயும் அதே கதைதான். புருஷனை விட்டுக்கொடுக்காத நல்ல பெண்டாட்டி என்ற பெயர் எனக்கு வந்தது. சர்பத் குடித்து விரலைத் தொலைத்தவர் என்ற பெயர் அவருக்கு நின்றது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

இப்போது வீட்டில் ஒரு மண்பானை இருக்கிறது. அந்தச் சிஸ்டர் சொன்னபடியே தண்ணீரும் டப்பாவும் மூடியும். சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டுவதில்லை. வள்ளத்தைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். விரல் போன பிறகு ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்தார். கரையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அலைக்கே பக்கவாட்டில் சாய்ந்து விழப்போய், பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கரைக்குத் திரும்பினார்.

போன மாதம் காலைக் காட்ட ராமநாதபுரம் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் அந்தப் பாழாய்ப்போன சர்பத் வண்டி நின்றது. தாண்டிப் போக அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கம்பை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஏ புள்ள, ஒண்ணு வாங்கிக் குடு."

"என்ன, வெளையாடுறீங்களா?"

"தண்டனைய அனுபவிச்சாச்சு. குத்தத்தையும் ஒரு தடவ செஞ்சிட்டுப் போயிருவமே."

அவர் சிரிக்கவில்லை. நானும் திட்டவில்லை. ஒன்று வாங்கினேன். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து ஒரே ஒரு வாய் குடித்தார், வாய்க்குள் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு விழுங்கினார். "இதுக்குத்தானா இம்புட்டும்?" என்று சொல்லி மிச்சத்தை என்னிடம் நீட்டினார். வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. அத்தனையையும் நானே குடித்தேன், கடைசிச் சொட்டு வரைக்கும்.